பஞ்சடைச்ச பெட்டி

எங்க வீட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு. அதை ஒழிச்சுக்கட்டத்தான் அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் செலவு பண்ணுனேன். தம்பி செத்து வருசம் திரும்பலை, அக்காக்காரிக்குக் கேம் கேக்குதுன்னு எங்க பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல பேசிக்கிட்டாளுக. பேசட்டும். அவளுக வாயை அடைக்கவா எனக்குச் சம்பளம் தாராக? பாதி உண்மையும்தான. கேம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதுன்னு நான் யாருகிட்டயும் சத்தியம் பண்ணலை.

நாங்க கமுதிப் பக்கம். பொழைப்புக்குத் திருப்பூர் வந்து வீரபாண்டியில ஒரு லைன் வீட்டுல குடியிருக்கோம். முன்னாடி ஒரு ரூம்பு, பின்னாடி அடுப்படி, அம்புட்டுத்தான் வீடு. அப்பா நாங்க சின்னப்புள்ளையா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாரு. அம்மா முத்துப்பேச்சிக்குப் பனியன் வேஸ்ட் குடோன்ல வேலை. கட்டிங்ல விழுகிற துண்டுத் துணியை மலையாக் கொட்டியிருப்பாக, அதை நெறம் நெறமாப் பிரிக்கணும். தம்பி அருண்பாண்டி நிட்டிங் கம்பெனியில நைட் ஷிப்ட். நூலு துணியா மாறுற எடம் அது. அங்க காத்துல பாதி பஞ்சுதான். காலையில அவன் வீட்டுக்குள்ள நுழையும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையா இருக்கும். கெழவன் வந்துட்டான்னு நான் கேலி பண்ணுவேன்.

பல்லடம் ரோட்டுல ஒரு பிரவுசிங் சென்டரை மூடுனப்ப, அங்க கெடந்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை அவன்தான் வெலை பேசித் தூக்கிட்டு வந்தான். எல்லாம் கேம் ஆசைதான். கார் ரேஸ் கேம் ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு பேரு சேர்ந்து ஓட்டலாம். ஸ்கிரீன் ரெண்டாப் பிரியும், மேல அவன் கார், கீழ என் கார். ஒரே கீபோர்டு. அம்புக்குறி நாலும் அவனுக்கு, இடது பக்கத்து எழுத்தெல்லாம் எனக்கு. வளைவு வந்தா வேணுமின்னே முழங்கையால இடிப்பான், நாசமாப் போறவன். நான் மண்டையில கொட்டுவேன். ரெண்டு எருமையும் எந்திரிச்சு வெளிய போங்களேன்னு அம்மா அடுப்படியில இருந்து சத்தம் போடும்.

அவனுக்கு வீசிங் இருந்துச்சு. வாயில வச்சு அடிக்கிற மருந்து ஒண்ணை எப்பவும் பாக்கெட்டுல வச்சிருப்பான். ஆடி மாசம் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன் கொஞ்ச நேரம் விளையாடிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை அமத்தாமலே பாயில படுத்திருக்கான். தூக்கத்துலயே மூச்சு முட்டிப் போச்சு. அம்மா அடுப்படியில கொழம்பு வச்சுக்கிட்டு இருந்துச்சு. எறக்கி வச்சுட்டு வந்து எழுப்பியிருக்கு, எந்திரிக்கலை. சூப்பர்வைசர் வந்து சொல்லி நான் ஓடியாந்தப்ப வீடு நெறைய ஆளு. அழுகைக்கு நடுவுல பெட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதை அமத்தணும்னு ஒருத்தருக்கும் தோணலை. நான்தான் அமத்துனேன்.

அந்தச் சத்தத்தைச் சொல்லணும். பெட்டிக்குப் பின்னாடி, கரண்டு நுழையுற எடத்துல, பவர் சப்ளைன்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள ஒரு பேன். அது தேஞ்சுபோச்சு. மொதல்ல கர்ருன்னு ஒரு உரசல் வரும். அப்புறம் உய்ய்ங்குன்னு ஒரு இழுவை. நடுவுல சின்னதா ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தந்தான் ஆளைக் கொல்லும். நின்னுபோச்சோன்னு நாம நெனைக்கும்போது திரும்ப இழுக்கும். இளைப்பு வந்துச்சுன்னா தம்பி நெஞ்சுக்குள்ள இதேதான் கேக்கும். அவன் இருக்கும்போதே நாங்க இதைச் சொல்லிச் சிரிச்சிருக்கோம். 'எனக்கும் பஞ்சடைச்சிருக்கு, இதுக்கும் பஞ்சடைச்சிருக்கு, நல்ல ஜோடிக்கா'ம்பான்.

ஊர்ல காரியம் முடிச்சுத் திரும்பி வந்து, மொத நாள் கம்பெனிக்குப் போயிட்டுச் சாயங்காலம் வாறேன், வீட்டுக்குள்ள அந்தச் சத்தம். வாசல்லயே கால் நின்னுபோச்சு. உள்ள போய்ப் பார்த்தா மானிட்டர் போடலை, பெட்டி மட்டும் ஓடுது. அம்மா தரையில உட்கார்ந்து அதுல முதுகைச் சாய்ச்சிருக்கு.

"என்னத்துக்கும்மா இதைப் போட்டிருக்க?"

"ஓடிட்டுப் போகுது. ஒனக்கென்ன?"

அன்னையில இருந்து இதே கதைதான். வேலை விட்டு வந்ததும் அம்மா பெட்டியைப் போட்டுரும். சமைக்கும்போதும் ஓடும், படுக்கும்போதும் ஓடும். பாயை அது பக்கத்துல இழுத்துப் போட்டுக்கும். அப்புறம் வேலைக்கே ஒழுங்காப் போறதில்லை. கால் வலிக்குதுங்கும், இடுப்பு வலிக்குதுங்கும், வீட்டுல இருந்து பெட்டியில சாய்ஞ்சுக்கும். கன்னம் ஒட்டிப்போச்சு. பேச்சும் கொறைஞ்சுபோச்சு. கேட்டதுக்கு ரெண்டு வார்த்தை, அதுவும் பாதி வார்த்தை. மகன் மூச்சு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குதுன்னு அம்மா நம்புது, நான் அப்படித்தான் நெனைச்சேன். வேற என்ன நெனைக்கிறது? பெத்த வயிறு. எனக்கே ராத்திரி முழிப்பு வந்தா, அவன்தான் பக்கத்துல படுத்து இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னு ஒரு நிமிசம் தோணும். மருந்தை அடிச்சுட்டுப் படுடான்னு சொல்ல வாயைத் தொறந்துருவேன். அப்புறந்தான் ஞாபகம் வரும்.

வீட்டுக்காரம்மா சாரதாமணி ஒரு நாள் குழாயடியில என்னைய நிறுத்துனாங்க. நல்ல மனுசி, கோவமாப் பேசத் தெரியாது.

"கண்ணு, தப்பா நெனைச்சுக்காத. அந்தப் பையன் இன்னும் உங்க ஊட்டுலயே இருக்கறானாட்டத் தெரியுது. பக்கத்து ஊட்டுப் புள்ளைங்கெல்லாம் பயப்படுதுங்க. அந்தப் பெட்டிய யாருக்காச்சும் குடுத்துப்போடு சாமி."

"அது பேனுங்க, பேயில்லைங்க"ன்னேன். சிரிப்பாங்கன்னு பார்த்தேன். அவங்க சிரிக்கலை.

குடுக்குறதுக்கு எனக்கு மனசில்லை. அந்தக் கீபோர்டுல அம்புக்குறி நாலும் வழவழன்னு தேஞ்சிருக்கும், அவன் வெரலு தேச்சது. ஒரு நாள் பழக்கத்துல ரெண்டு பேரு ஓட்டுற கேமையே போட்டுட்டேன். என் கார் கெளம்பிப் போகுது, மேல் பாதியில அவன் கார் கோட்டுலயே நின்னு உறுமிக்கிட்டு இருக்கு. ஒரு சுத்து முடிச்சு வந்து பார்க்கிறேன், அங்கேயேதான் நிக்குது. அதுக்கப்புறம் அந்தக் கேமை நான் தொடலை. ஒருத்தர் மட்டும் ஓட்டுற புதுக் கேம் ஒண்ணு சி.டி.யா வந்திருந்துச்சு, இந்தப் பழைய பெட்டியில அது ஏறவே இல்லை. அப்பத்தான் யோசனை வந்துச்சு. பெட்டியை நல்லாக்குவோம். கேமும் ஓடும், உள்ள அடைச்ச பஞ்சை எடுத்தா சத்தமும் தானாப் போயிரும். அந்தச் சத்தத்தை நான் கொன்னதாவும் ஆகாது. ஒருத்தன் போயிட்டான், மிச்சமிருக்கிறது இந்த ஒரு அம்மா. இதையும் அந்தப் பெட்டிக்குத் தூக்கிக் குடுக்க என்னால முடியாது.

தீபாவளி போனஸ் வந்ததும் அம்மாகிட்டச் சொன்னேன். "இதுக்குக் கொஞ்சம் புதுச் சாமான் போடப்போறேன்."

"என்னத்த வேணா போடு. சத்தத்தை மட்டும் மாத்தாத."

"சத்தம் என்ன சாமானாம்மா? கடைக்காரன்கிட்டப் போய், சத்தத்தை விட்டுட்டு மிச்சத்தை மாத்துங்கன்னா காறித் துப்பமாட்டானா?"

அம்மா எந்திரிச்சு வந்து எனக்கு முன்னாடி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுச்சு. "அது மேல கை வைக்காத தாயி"ன்னு சொல்லுச்சு. பெத்தவ மகளைக் கும்பிடுறதாவது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. சரி சரி விடுன்னு கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன்.

பெட்டியை ஆட்டோவுல ஏத்தித் தரணி கடைக்குக் கொண்டுபோனேன். தரணி இந்த ஊர்க்காரரு, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்காரு, தம்பிக்குப் பழக்கம். பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டிட்டு உள்ள எட்டிப் பார்த்தாரு.

"ஏனுங்க, இதைய வாங்குனதுல இருந்து தொறக்கவே இல்லீங்களா?"

உள்ள பஞ்சு மெத்தை மெத்தையா இருந்துச்சு. தம்பி சட்டையில வந்த வெள்ளைப் பஞ்சு அடியில, அதுக்கு மேல அம்மா சேலையில வந்த செவப்பு, நீலம், மஞ்சள். தரணி பிரஷ்ஷை வச்சு மெதுவா எடுத்தாரு.

"நீங்களே ஏர் அடிக்காம இங்க கொண்டாந்தீங்களே, அதே நல்லதுங்க. ஊர்ல பாதிப்பேரு நிட்டிங் மிஷினுக்கு அடிக்கற ஏர் பைப்பையே இதுக்கும் அடிச்சுப்போடறாங்க. அந்தக் காத்துல தண்ணி வருமுங்க, போர்டு போயிரும். திருப்பூர்ல கம்ப்யூட்டரு வயசாகிச் சாகறதில்லீங்க. பஞ்சடைச்சுத்தான் சாகுது. மனுசனுக்கும்..." சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு வேலையைப் பார்த்தாரு.

புது மதர்போர்டே போட்டுரலாமான்னு கேட்டேன், பெரிய இவளாட்டம். அதெல்லாம் உங்க போனஸுக்குக் கட்டாதுங்கன்னாரு. இருக்கிற போர்டுலயே ரேமைக் கூட்டி, ஒருத்தர் போட்டுக் கழட்டுன பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணைச் சொருகுனா நான் கேக்கிற கேம் ஓடுமாம். ஆனா அந்தக் கார்டு கரண்டு நெறையத் தின்னும், அதனால பவர் சப்ளையை மாத்தியே ஆகோணும்னாரு.

"அதை மட்டும் மாத்தாதீங்க."

"ஏனுங்க? அதுதான் மொதல்ல மாத்தோணும். பேன் செத்துக்கிட்டு இருக்குது, சத்தம் கேக்கலீங்களா?"

"அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேணுமாம்."

தரணி என்னையப் பார்த்தாரு. ரேமையும் கார்டையும் மட்டும் போட்டுக் குடுத்தாரு.

என் நேரத்தைப் பாருங்க. பஞ்சை எடுத்தா சத்தம் போயிரும்னு கணக்குப் போட்டேன். பஞ்சு போனதும் சத்தம் நல்லாத் தெளிவாயிருச்சு. முன்னாடி தலகாணிக்குள்ள மூஞ்சியை வச்சு இழுத்த மாதிரி கேக்கும், இப்ப காதுகிட்டயே வந்து இழுக்குது. அம்மா வழக்கம் போல அதுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்துக்குச்சு. கேமும் உருப்படலை. கார் கோட்டுல நிக்கும், மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணும், ஒண்ணுன்னதும் ஸ்கிரீன் கருத்துப்போய், பெட்டி மறுபடி மொதல்ல இருந்து கெளம்பும். தரணி சொன்ன மாதிரி கரண்டு பத்தலை. நாலஞ்சு தடவை பார்த்துட்டு, ஒரு மண்ணும் வேண்டாம்னு எந்திரிச்சுட்டேன். அம்மாவைப் பார்த்தா ஆத்திரமா வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

அடுத்த வாரத்துல ஒரு நாள். கரண்டு கட்டு தலைவிரிச்சு ஆடுன வருசம் அது, தெரிஞ்சிருக்கும். எங்க கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் இல்லைன்னு எங்களைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிட்டாங்க. வெயில்ல நடந்து வாறேன், லைன்ல ஒரு வீட்டுலயும் பேன் ஓடலை, டி.வி. இல்லை. ஆளுங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. எங்க வீட்டுக் கதவு சாத்தியிருக்கு. உள்ள இருந்து அந்தச் சத்தம் வருது.

கர்ர். உய்ய்ங். நிறுத்தம். மறுபடி கர்ர்.

கரண்டு இல்லை. எங்க வீட்டுல பேட்டரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அண்ணாந்து பார்த்தேன், வாசல் பல்பு எரியலை. சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், எரியலை. சத்தம் மட்டும் நிக்காம வருது. மத்தியான வெயில்ல எனக்குக் கையில முடி நட்டுக்கிச்சு. கதவைத் தள்ளக் கை போகலை. என் வாய் என்னையக் கேக்காமக் கூப்பிட்டுருச்சு.

"அருணு?"

சத்தம் பட்டுன்னு நின்னுபோச்சு.

கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன். அம்மா பெட்டியில தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கு. நான் வந்ததும் முழிச்சுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை.

"யாரைக் கூப்பிட்ட?"

"கரண்டு எப்பப் போச்சு?"

"இப்பத்தான்"னு சொல்லுச்சு அம்மா. சேலைத் தலைப்பால வாயைத் தொடைச்சுக்குச்சு.

நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குளுந்து கெடந்துச்சு. ஓடுன பெட்டி அப்படிக் குளுந்து கெடக்காது. நான் பேய்க்குத் தாயத்து கட்டிக்கிற ஆளு இல்லை. ஆனா அன்னைக்கு அடுப்படியில போய்த் தண்ணி மோந்து குடிக்கும்போது தண்ணியெல்லாம் துணியில கொட்டிருச்சு. எந்தம்பி செத்தும் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கான்னு தோணுனதும் எனக்கு அழுகை அடங்கலை. அம்மா பாட்டுக்கு அவனை உள்ள பிடிச்சு வச்சிருக்கு. விட்டாத்தான போவான்?

கம்பெனிக்குத் திரும்பிப் போகலை. நேரா தரணி கடைக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை அம்மா சந்தைக்குப் போயிரும், வீட்டுக்கே வந்து அந்தப் பவர் சப்ளையை மாத்திக் குடுங்கன்னேன். அம்மா சத்தம் போடாதுங்களான்னு கேட்டாரு. போட்டா நான் பார்த்துக்கிறேன்னேன்.

ஞாயித்துக்கிழமை அம்மா பையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனதும் தரணி பைக்குல வந்து எறங்குனாரு. திருட்டு வேலை பார்க்கிற மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. நாலு ஸ்குரு, ஏழெட்டு ஒயரு, சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. புதுசுல பேன் பெருசா இருந்துச்சு. போட்டுவிட்டாரு. நான் சுவிட்சைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன்.

"ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. பின்னால கையை வெச்சுப் பாருங்க, காத்து வருது."

வந்துச்சு. சத்தமே இல்லை. பழசை ஒரு கேரி பேக்குல போட்டு அவர்கிட்டயே குடுத்தனுப்பிட்டேன். போகும்போது வண்டியில அது லொடலொடன்னு ஆடுச்சு. போயிட்டு வாடான்னு மனசுக்குள்ள சொன்னேன். சொல்லாம என்ன செய்ய?

அப்புறம் கேமைப் போட்டேன். மூணு, ரெண்டு, ஒண்ணு. கார் கெளம்பிருச்சு. கருக்கலை, நிக்கலை. முழு ஸ்கிரீன்லயும் ரோடு. மழை பேஞ்ச ரோடு, அதுல லைட்டெல்லாம் பளபளன்னு ஓடுது. வாரம் பூரா பனியன்ல ஓட்டை தேடித் தேடிச் சலிச்ச கண்ணுக்கு அது என்னமா இருந்துச்சுங்கிறீங்க. நான் சிரிச்சுட்டேன். வளைவு வந்துச்சு. இடிக்கிறதுக்கு முழங்கை வரும்னு ஒடம்பு தானா ஒதுங்குச்சு. வரலை. வளைஞ்சு போயிட்டேன்.

அம்மா ரொம்ப நேரங்கழிச்சுத்தான் வந்துச்சு. இப்பெல்லாம் சந்தைக்குப் போனா அங்கங்க உட்கார்ந்து உட்கார்ந்துதான் வரும். பையோட வாசல்ல நின்னு ஸ்கிரீனைப் பார்த்துச்சு, பெட்டியைப் பார்த்துச்சு.

"பெட்டி ஓடுது. சத்தத்தைக் காணோம்."

"மாத்திட்டேன்."

திட்டும்னு நெனைச்சேன். அழுகும்னு நெனைச்சேன். ரெண்டும் இல்லை. திருடுனவ போலீசைப் பார்த்த மாதிரி அம்மா மூஞ்சியில பயம். "பழசை எங்க? போய் வாங்கிட்டு வாடி. இப்பவே போ"ன்னு சொல்லுச்சு. தரணி அந்நேரம் அதைப் பிரிச்சுப் போட்டிருப்பாருன்னேன். "அப்ப இந்தக் கேம் சத்தத்தையாவது கூட்டி வை"ன்னுச்சு. கூட்டி வச்சேன். அது பத்தலை போல. அடுப்படிக்குள்ள போய்க் கதவை ஒருக்களிச்சு வச்சுக்கிட்டுக் குழாயைத் தொறந்துவிட்டுச்சு. காலிக் கொடத்துல தண்ணி தடதடன்னு விழுகுது. ரேடியோவையும் போட்டுவிட்டுச்சு. நான் கேமை நிறுத்துனா, "ஏன் நிறுத்துற, ஓட்டு"ன்னு உள்ள இருந்து கொரல் வருது.

எனக்குப் பொறுமை போச்சு. இருந்த எடத்துல இருந்தே கத்துனேன். "எம்மா, செத்தவனுக்கே எல்லாத்தையும் குடுத்துட்டீன்னா, உசுரோட இருக்கிறவளுக்கு என்னத்த வச்சிருக்க? நானும் உன் வயித்துல பெறந்தவதான. என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி எம்புட்டு நாளாச்சு? அவன் போயிட்டான். அந்தச் சத்தத்துல அவன் இல்லை. இருந்தாலும் விடு, போகட்டும்."

குழாய் மட்டும் கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போச்சு. கார் வளைவுல அப்படியே கருத்துப்போச்சு. ரேடியோ செத்துப்போச்சு. மேல்நிலைத் தொட்டியில தண்ணி தீந்துருச்சோ என்னமோ, குழாயும் சொட்டுச் சொட்டா நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமை, எந்தக் கம்பெனியிலயும் மிஷின் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. சாயங்கால வெளிச்சம் சன்னல்ல கொஞ்சம் இருந்துச்சு. திருப்பூர்ல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கர்ர். உய்ய்ங். நிறுத்தம்.

எனக்கு முன்னாடி இருக்கிற பெட்டியில பேன் புதுசு. அதுல சத்தம் கெடையாது. கரண்டும் கெடையாது. பழசு தரணி கடையில கெடக்கு.

கர்ர். உய்ய்ங்.

எனக்குப் பின்னாடியில இருந்து வருது. அடுப்படியில இருந்து வருது. எந்திரிச்சுப் போய்க் கதவைத் தள்ளுனேன். அம்மா செவுத்தோரமாக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கு. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சு வச்சிருக்கு. தோள் ரெண்டும் மேல ஏறி எறங்குது. கழுத்து நரம்பு பொடைச்சு நிக்குது. அந்தச் சத்தம் அம்மாவோட நெஞ்சுக்குள்ள இருந்துதான் வருது.

தலைப்பைப் பிடுங்கி எறிஞ்சேன். முதுகைத் தடவுனேன். என்ன செய்யுறதுன்னே தெரியலை. "எம்புட்டு நாளாம்மா இது?"

"அவன்... போறதுக்கு முன்னாடியே."

"என்கிட்ட ஏன் சொல்லலை? பைத்தியக்காரி, ஏன் சொல்லலை?"

அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துச் சொல்லுச்சு. "அன்னைக்கு நான் இங்கனதான் இருந்தேன். கொழம்பு கூட்டிக்கிட்டு. சத்தம் கேட்டுச்சு நதியா. நல்லாக் கேட்டுச்சு. பெட்டிதான்னு விட்டுட்டேன். பஞ்சடைச்சிருக்கு, புள்ளை அமத்தாமத் தூங்கிட்டான்னு நெனைச்சேன். நான் கொழம்பை எறக்குற வரைக்கும் எம்புள்ளை கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான்."

நான் அம்மா முதுகைத் தடவுறதை நிறுத்தலை.

"அவன் சத்தத்தை நான் பெட்டி சத்தமுன்னு நெனைச்சேன்"னு சொல்லுச்சு அம்மா. "என் சத்தத்தையும் நீ அப்படியே நெனைச்சுட்டுப் போயிருக்கலாம்ல. அதுக்குத்தான அதை ஓட விட்டு வச்சிருந்தேன்."

அம்மாவை அப்படியே அள்ளித் தூக்கிட்டு வாசலுக்கு வந்தேன். இம்புட்டுக் கனம் கொறைஞ்சுபோச்சான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. என் கத்தலைக் கேட்டுச் சாரதாமணி ஓடியாந்தாங்க. அவங்க வீட்டுக் காரிலயே ஏத்திக்கிட்டுப் போனாங்க. வழி பூரா அம்மா என் மடியில இழுத்துக்கிட்டு வந்துச்சு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நான் அம்மா கன்னத்தைத் தட்டிக்கிட்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் நெஞ்சுல கொழாயை வச்சுப் பார்த்துட்டு, இதை இவ்வளவு நாளா வீட்டுல யாரும் கவனிக்கலையான்னு கேட்டாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஊசி போட்டாங்க. அப்புறம் நர்ஸ் ஒரு சின்ன மிஷினைக் கட்டிலோரம் வச்சு, அதுல இருந்து வர்ற டியூப்பை அம்மா மூக்கு வாய் மேல மாட்டி ஆன் பண்ணாங்க. மருந்து பொகை பொகையா வந்துச்சு. அந்த மிஷின் போட்ட சத்தம் இருக்கே, லைன் பூராவுக்கும் கேக்கும், அப்படி ஒரு எரைச்சல். அம்மா நெஞ்சுச் சத்தம் அதுக்குள்ள அமுங்கிப்போச்சு. அம்மா என்னையப் பார்த்துச்சு. அப்புறம், போதும்கிற மாதிரி கண்ணை மூடிக்கிச்சு.

செருப்பைக் கழட்டிட்டுக் கட்டில்ல ஏறி, அம்மாவைத் திருப்பி முதுகுல காதை வச்சேன். ஏங்க எறங்குங்கன்னு நர்ஸ் அதட்டுனாங்க. நான் எறங்கலை. ஒரு காதைப் பொத்திக்கிட்டு இன்னொரு காதை அம்மா முதுகுல அழுத்திக்கிட்டு, எது மிஷின், எது அம்மான்னு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்.